"கணக்கு எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளைக்கு வளர்ச்சி மனப்பான்மை உதவுமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரை "மூளைக்காரப் பையன்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்ன பிள்ளை. ஏழாம் வகுப்பிலிருந்து கணக்கில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்து, இப்போது "கணக்கு எனக்கு வராது, விடும்மா" என்கிறான். பழைய பொம்மைகளைப் பிரித்து, மோட்டாரை எடுத்து எதையாவது செய்துகொண்டிருந்தவன் அதையும் விட்டுவிட்டான். படம் வரைவதும் நின்றுபோயிற்று. பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், வளர்ச்சி மனப்பான்மை இருந்தால் யாரும் எதையும் சாதிக்கலாம் என்று சொல்லி, பிள்ளைகளைக் கைதட்டி "என்னால் முடியும்" என்று சொல்ல வைத்திருக்கிறார். இது உண்மையா, வெறும் தன்னம்பிக்கைப் பேச்சா? இவன் படிப்புக்கும் கைவேலைக்கும் இதில் என்ன சம்பந்தம்? கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல வருஷம் கணித ஆசிரியராக இருந்தவன் நான். இந்த ஆராய்ச்சிகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். விஷயம் உண்மைதான். ஆனால் மேடையில் சொன்ன அளவுக்குப் பெரியது இல்லை, கைதட்டிச் சொல்வதால் வருவதும் இல்லை. உங்கள் மகன் ஒரு தப்பு செய்த பிறகு, அடுத்த பத்து நிமிஷம் அவனைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. படிப்புக்கும் அப்படித்தான், அவன் மோட்டாருக்கும் அப்படித்தான்.

இந்தக் கருத்தை முன்வைத்தவர் கரோல் டுவெக், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். கடினமான கணக்கைக் கொடுத்தால் சில பிள்ளைகள் உற்சாகமாகிறார்கள். அதே அளவு திறமையுள்ள வேறு சிலர் உடைந்துபோகிறார்கள். இது ஏன் என்பதுதான் 1970களிலிருந்து அவர் துரத்திய கேள்வி. அறிவு பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்பும் பிள்ளைக்கு ஒவ்வொரு பரீட்சையும் தன்மேல் சொல்லப்படும் தீர்ப்பாகிவிடுகிறது. பழகப் பழகக் கூடும் என்று நம்பும் பிள்ளை அதே பரீட்சையில், எது தெரிகிறது, எது இன்னும் தெரியவில்லை என்று பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது நம்பிக்கைக்குத்தான் வளர்ச்சி மனப்பான்மை என்று பெயர். யாரும் எதையும் சாதிக்கலாம் என்று டுவெக் சொல்லவில்லை. சரியான முறையில் உழைத்து, வேண்டிய உதவியும் கிடைத்தால், இப்போது நிற்கும் இடத்திலிருந்து மேலே போக முடியும். எவ்வளவு தூரம் என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய கதையும் தெரிந்திருப்பது நல்லது. அறிவை அளக்கும் முதல் தேர்வை 1905இல் பாரிஸில் உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பினே. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் அதைச் செய்தார். அறிவு ஒரு மாறாத அளவு, அதைக் கூட்டவே முடியாது என்று சிலர் பேச ஆரம்பித்தபோது, அது கொடுமையான அவநம்பிக்கை என்று 1909இல் கண்டித்து எழுதினார். ஆனால் அவருடைய தேர்வு பிற்காலத்தில் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டும் கருவியாகவே அதிகம் பயன்பட்டது.

நம் பள்ளிகளிலும் இந்த ஆபத்து உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகவே வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் "அவன் அரும்புங்க" என்று ஒரு குழந்தையைப் பற்றி அது எதிரிலேயே இருக்கும்போது சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேல் வகுப்பில் அதுவே "மெல்லக் கற்போர்" ஆகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று சில பக்கங்கள் கையில் வருகின்றன. பாஸ் மார்க்குக்கு அது உதவலாம். ஆனால் பையன் என்ன முடிவுக்கு வருவான்? மீதிப் பாடம் தனக்கானது இல்லை என்றுதான் நினைப்பான்.

உங்கள் மகனுக்குக் கிடைத்தது இதற்கு நேர்மாறான பட்டம், "மூளைக்காரன்". அதுவும் பட்டம்தான். 1998இல் கிளாடியா முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஒரு பரிசோதனையைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் சுமாரான புதிர்கள் கொடுத்தார்கள். எல்லாரிடமும் "நன்றாகச் செய்தாய்" என்றார்கள். ஒரு குழுவிடம் மட்டும் கூடவே "நீ புத்திசாலிதான்" என்றார்கள்; இன்னொரு குழுவிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியதைத் தேர்ந்தெடுத்தார்கள். புத்திசாலி என்ற பேர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக்கூடியதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். கடைசியாக, முதலில் கொடுத்த அளவிலேயே எளிதான ஒரு தொகுதி. புத்திசாலிகள் குழு தங்கள் பழைய மதிப்பெண்ணையே எட்டாமல் கீழே போனது. முயற்சிக் குழு மேலே போனது.

என்னை மிகவும் பாதித்தது அதற்கு அடுத்தது. வேறு ஊரில் இருக்கும் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு, தான் எடுத்த மதிப்பெண்ணை எழுதச் சொன்னார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். மற்றவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. விடைத்தாளைப் பைக்குள் மடித்து ஒளிக்கும் பிள்ளை, ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடும் பிள்ளை எல்லாம் கெட்டுப்போன பிள்ளைகள் என்று நாம் நினைக்கிறோம். பலர் ஒரு பட்டத்தைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். "கணக்கு எனக்கு வராது" என்று உங்கள் மகன் சொல்வதும் அப்படிப்பட்ட ஒரு தற்காப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முயன்று தோற்றால் மூளைக்காரன் என்ற பேர் போய்விடும். முயலவே இல்லை என்றால் பேர் அப்படியே இருக்கும்.

சரி, அப்படியானால் "முயன்றால் வளரும்" என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதுமா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2019இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம். ஏற்கெனவே மதிப்பெண் குறைவாக இருந்தவர்களுக்கு, சுமார் 4 புள்ளி வரை போகும் அந்த நாட்டு மதிப்பெண் அளவுகோலில் சராசரியாக 0.1 புள்ளி ஏறியது. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரச் செலவுக்கு அது பரவாயில்லை. அதே 2019இல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில், சுமார் 100 பள்ளிகளைச் சேர்த்து நடத்திய சோதனையில் வித்தியாசமே தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018இல் வந்தது. சராசரிப் பலன் மிகச் சிறியது, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பின்தங்கியவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் என்பது அதன் முடிவு.

ஓர் இடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் ஏன் பலிக்கவில்லை? அந்த அமெரிக்க ஆய்விலேயே ஒரு துப்பு இருக்கிறது. கடினமான கணக்கை முயன்று பார்ப்பது சாதாரண விஷயம் என்று கூடப்படிக்கும் பிள்ளைகள் நினைத்த பள்ளிகளில்தான் பலன் கூடுதல். அதே பாடத்தை எடுத்த பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பற்றி 2022இல் ஒரு கட்டுரை வந்தது. கணக்கு டீச்சரே அந்த நம்பிக்கையோடு இருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் ஏறியது; டீச்சருக்கு அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் ஏறவில்லை. பிள்ளை மனசுக்குள் மட்டும் நம்பிக்கையை வைத்து, வகுப்பறையை அப்படியே விட்டால் அது நிற்காது. அன்றைக்குக் கைதட்டிவிட்டு வகுப்புக்குள் போன பிள்ளை, கரும்பலகையில் தப்பாகப் போட்டு நாலு பேர் சிரித்திருந்தால், மேடையில் கேட்டது அத்தோடு போயிற்று.

இனி கணக்குக்கு வருவோம், ஏனென்றால் "வராது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ஆறு, ஏழாம் வகுப்பில் குறை எண்கள் வருகின்றன. −3 − 5 எவ்வளவு என்று கேட்டால் 8 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம், பத்தாம் வகுப்பிலும் உண்டு. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "மைனஸும் மைனஸும் பிளஸ் சார்" என்பார்கள். அந்த விதி பெருக்கலுக்கு உரியது, அதைக் கூட்டலில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஆக இந்தத் தப்புக்குள் ஒரு யோசனை இருக்கிறது. விதியை நினைவு வைத்திருக்கிறான், அதன் இடம்தான் மாறிப்போயிற்று. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிட்டால் அவனுக்குக் கிடைப்பது "நான் மக்கு" என்ற செய்தி மட்டும். "கடையில் மூணு ரூபாய் கடன், அப்புறம் இன்னும் அஞ்சு ரூபாய் கடன். இப்போ உன் கையில் எட்டு ரூபாய் இருக்குதா?" என்று கேட்டால் அவனே சிரித்துக்கொண்டு திருத்துவான். இந்த இடத்தைச் சரிசெய்யாமல் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் போய் உட்கார வைத்தால் ஒவ்வொரு வரியிலும் குறி மாறி விடை தப்பாகும். பையன் அதைப் பார்த்து, கணக்கே தனக்கு வராது என்று முடிவு கட்டுவான். உண்மையில் வராமல் போனது ஏழாம் வகுப்புப் பாடம் ஒன்று.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப் பாடம் விட்டுப்போவதற்குக் காரணங்கள் அதிகம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். கூட்டலும் பெருக்கலும் நன்றாகத் தெரிந்த பிள்ளை, பாடப்புத்தகத் தமிழில் நாலு வரி வாக்கியக் கணக்கு வந்தால் நின்றுவிடுகிறது. அதை மொழிப் பிரச்சினை என்று பார்க்காமல் மூளைப் பிரச்சினை என்று எழுதிவிடுகிறோம். பென்னாகரம் பக்கமும் மலைக் கிராமங்களிலும், பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சில மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்குப் பின்னங்கள் பாடம் முழுக்கப் போயிருக்கும். அந்தப் பிள்ளையிடம் போய் "நம்பிக்கை வை, முடியும்" என்று மட்டும் சொல்வது கொடுமை. முதலில் அந்தப் பாடத்தை நடத்தவேண்டும். மனப்பான்மைப் பேச்சு, நடத்தாத பாடத்துக்கு ஈடாக முடியாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

இதே காரணத்தால்தான் "உழைச்சா வரும்" என்ற அறிவுரையும் சில சமயம் எதிர்ப்பலன் கொடுக்கிறது. ஒரே கணக்கைப் பத்துத் தடவை பார்த்து எழுதும் பிள்ளை உழைக்கத்தான் செய்கிறான். பரீட்சையில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் திணறுகிறான். உழைத்தும் வரவில்லையே, அப்படியென்றால் தன்னிடம்தான் ஏதோ இல்லை என்று நினைக்கிறான். வெறும் உழைப்பைப் புகழ்வது தன் கருத்தே இல்லை என்று டுவெக்கும் 2015இல் விளக்கி எழுதவேண்டி வந்தது. முறை மாறவேண்டும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் காட்டியது இது: ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். இரவில் 'ஸ்டடி' என்று சத்தம் போட்டுப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடி வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பது மேல். எழுதும்போது சிக்கும், எரிச்சல் வரும். அந்தச் சிக்கல்தான் பாடத்தை உள்ளே நிறுத்துகிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் சிக்கியவுடன் "பார்த்தியா, வரலை" என்று மூடி வைத்துவிடுவான்.

அடுத்தது படைப்பாற்றல். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது மதிப்பெண் இல்லை, அவன் மோட்டாரைத் தொடாமல் விட்டது. ஓவியம் வரைவது, புதிதாகச் செய்வது எல்லாம் பிறவிக் கொடை என்று நாம் கணக்கைவிடவும் அதிகமாக நம்புகிறோம். "அவன் கையில் கலை இருக்கு" என்பதும் ஒரு பட்டம்தான். அந்தப் பட்டம் வந்துவிட்டால், சரியாக வராத படத்தைப் பிள்ளை காட்டமாட்டான்.

புதிய யோசனை எப்படி வருகிறது என்று பார்த்த ஆராய்ச்சிகளில் ஒரு விஷயம் மறுபடி மறுபடி தென்படுகிறது. ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டால் முதலில் வருபவை எல்லாருக்கும் தோன்றுபவை. சுவர் கட்டலாம், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். கொஞ்சம் காலியான பிறகு வருபவைதான் அபூர்வமானவை. ஆனால் நேரம் ஆக ஆகத் தங்கள் யோசனை மங்கிவிடும் என்றுதான் மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் அப்படி மங்குவதில்லை என்று 2020இல் ஒரு ஆய்வு காட்டியது. முதல் யோசனை சுமாராக இருந்தவுடன் "எனக்கு வராது" என்று எழுந்துபோகும் பிள்ளை, நல்லது வருவதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. படைப்பாற்றலில் இந்த மனப்பான்மை செய்யும் பெரிய வேலை இதுதான்: சுமாரான முதல் முயற்சியைத் தாண்டியும் உட்கார்ந்திருக்கச் செய்கிறது.

பரிசும் பாராட்டும் இங்கே எச்சரிக்கையோடு கொடுக்கவேண்டியவை. 1973இல் வந்த ஒரு பரிசோதனையில், படம் வரைவதில் ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்னாலேயே சொன்னார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத விளையாட்டு நேரத்தில், அந்தக் குழு மற்றவர்களைப் போல ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நம் அறிவியல் கண்காட்சிகளை நினைத்துப் பாருங்கள். பரிசு வேண்டும் என்பதற்காக, கடையில் தெர்மகோல் மாடல் வாங்கிக்கொடுத்து, பிள்ளைக்கு நாலு வரி மனப்பாடம் செய்துவைத்து அனுப்புகிறோம். ஓடாத காற்றாலையைத் தானே செய்து கொண்டுவந்து, ஏன் ஓடவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மேஜையில் இடம் கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை.

படிப்பும் படைப்பும் ஒன்றாகும் ஓர் இடத்தை விரிவாகவே சொல்கிறேன், வீட்டில் செய்து பார்க்கலாம். சிங்கப்பூரில் மனு கபூர் என்ற ஆராய்ச்சியாளர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பாடம் நடத்துவதற்கு முன்னாலேயே கணக்கைக் கொடுத்தார். கால்பந்து வீரர்கள் பல வருஷம் அடித்த கோல்கள். யார் அதிகம் சீராக ஆடுகிறார் என்று காட்ட நீங்களே ஒரு அளவு கண்டுபிடியுங்கள் என்றார். யாரும் சரியான விடைக்கு வரவில்லை. அதன் பிறகு பாடத்தை நடத்தினார். முதலிலேயே பாடம் கேட்டவர்களைவிட, திணறிவிட்டுப் பாடம் கேட்டவர்களுக்கு விஷயம் ஆழமாகப் புரிந்திருந்தது.

இதை நம் ஊருக்கு மாற்றுவோம். பாலக்கோடு மண்டியில் தக்காளி கிலோ விலை ஐந்து நாளுக்கு 20, 22, 18, 21, 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயக்கோட்டையில் 8, 35, 12, 30, 15. கற்பனை விலைதான். இரண்டிலும் சராசரி 20. எந்த மண்டி விலை சீராக இருக்கிறது, எவ்வளவு சீர் என்பதை ஒரே எண்ணில் சொல் என்று கேளுங்கள். அவன் முதலில் அதிக விலையிலிருந்து குறைந்த விலையைக் கழிப்பான், 4, 27. நல்ல யோசனை. உடனே 10, 20, 20, 20, 30 என்றும் 10, 10, 20, 30, 30 என்றும் இரண்டு வரிசை கொடுங்கள். இரண்டிலும் அவன் முறைப்படி 20தான் வரும், ஆனால் இரண்டாவது அதிகமாக ஆடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அப்புறம் ஒவ்வொரு விலையும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டுவான். ராயக்கோட்டைக்கு −12, 15, −8, 10, −5. கூட்டினால் பூஜ்யம்! பாலக்கோட்டுக்கும் பூஜ்யம். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பாருங்கள். குறியை விட்டுவிட்டுக் கூட்டலாமா, வர்க்கப்படுத்திவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தால், அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் வரும், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்டவிலக்கத்தின் வாசலில் அவன் நிற்கிறான். டீச்சர் சூத்திரம் எழுதும்போது, எதற்கு வர்க்கப்படுத்துகிறார்கள் என்பது வகுப்பில் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இதில் அவன் செய்தது எல்லாம் தப்புகள்தான். ஒவ்வொரு தப்பும் அடுத்ததைக் காட்டிக்கொடுத்தது. ஒரு நிபந்தனை உண்டு: திணறலுக்குப் பிறகு சரியான பாடம் வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வெறும் குழப்பம்தான் மிஞ்சும். சின்ன வகுப்புகளுக்கு இந்த முறை அவ்வளவு ஒத்துவரவில்லை என்றும் பின்னால் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தும்.

வீட்டில் என்ன செய்யலாம்? "நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும்" என்று எழுதியிருந்தீர்கள். அது தடையே இல்லை. 2016இல் ஹைமோவிட்ஸும் டுவெக்கும் செய்த ஆய்வு பெற்றோருக்கு மிக முக்கியமானது. அறிவு வளரும் என்று பெற்றோர் நம்புகிறார்களா என்பது பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. தோல்வி வந்தால் பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளையின் மனப்பான்மை அதோடுதான் சேர்ந்துபோகிறது. விடைத்தாள் வந்த அன்று உங்கள் முகம், அப்பா கேட்கும் முதல் கேள்வி, இவை ஒரு வருஷ அறிவுரையைவிடப் பெரியவை. "எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "எந்தக் கணக்கில் நின்னுடுச்சு, காட்டு" என்று கேளுங்கள். சித்தப்பா பையன் வாங்கிய மதிப்பெண்ணை அந்த நேரத்தில் பேசவேண்டாம். "எனக்கும் கணக்கு வராது, ரத்தத்தில் இருக்கு" என்று அவன் அப்பா ஆறுதலுக்காகச் சொல்வாரானால், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டாம். அவனை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "இது எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, சிறு வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு பின்தங்கியது என்று 2015இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. கேட்பவராக இருப்பது பாதுகாப்பானது. மோட்டார் விஷயத்தில் பாராட்டைவிட ஆர்வம் காட்டுங்கள். "சூப்பர்" என்று சொல்லிப் போய்விடாமல், "இது ஏன் இந்தப் பக்கம் சுத்துது, வேற மாதிரி மாட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பள்ளியில் வானவில் மன்றம் என்ற அறிவியல் சோதனை மன்றம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். 2022இல் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, இவன் வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்ட இவனைக் கூப்பிடுவீர்களா என்று டீச்சரிடம் கேட்கலாம். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நிற்பது இப்படிப்பட்ட பையன்களுக்கு மிகவும் நல்லது.

கடைசியாக விடுதிப் பள்ளி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கத்தில் மதிப்பெண்ணுக்காகவே பேர் வாங்கிய பள்ளிகள் நிறைய. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே தள்ளிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே படிக்க வைத்தார்கள் என்பதால்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்; 2025-26இலிருந்து அந்தத் தேர்வு இல்லை. மாநில ரேங்க் அறிவிப்பதையும் 2017இல் நிறுத்தினார்கள். எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. சேர்ப்பதற்கு முன் அங்கே ஒன்று கேளுங்கள்: வாரத் தேர்வில் பிள்ளை தப்பு செய்தால் விடைத்தாள் அவன் கைக்குத் திரும்ப வருமா, அந்தத் தப்பை அவனோடு உட்கார்ந்து யார் பார்ப்பார்கள்? மதிப்பெண் வரிசைப்படி செக்‌ஷன் பிரிக்கிறார்களா, பிரித்தால் கீழே இருப்பவன் மேலே வர வழி உண்டா? பதில் தெளிவாக வராவிட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பேரைக் காப்பாற்றத் தவிக்கும் பிள்ளையை, பேர் மட்டுமே பேசும் இடத்தில் கொண்டுபோய்விட்டால் இன்னும் ஒடுங்கிப்போவான்.

அதற்குப் பதிலாகக் காலாண்டு விடுமுறையில் ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை எடுத்து முழுக்கள், பின்னங்கள் இரண்டு பாடங்களை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள். "சின்ன வகுப்புப் புத்தகமா" என்று கூச்சப்பட்டால், வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் செய்யட்டும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் தமிழில் இலவசமாக இருக்கின்றன. தினம் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து வைத்துவிட்டு, தாளில் தானாகப் போட்டுப் பார்க்கட்டும். எந்தக் கணக்குகள் சிக்கின என்று ஒரு நோட்டில் குறித்து, விடுமுறை முடிந்ததும் அந்த நோட்டை அவனே கணக்கு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். எந்த இடத்தில் சந்தேகம் என்று எழுதிக்கொண்டு வரும் பையனை எந்த டீச்சரும் திருப்பி அனுப்பமாட்டார்.